வேட்டுக்காரரிடம் பேசிய நாள்

ஐம்பதுகளின் நடுவில், கிருஷ்ணகிரிப் பக்கம் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். பர்கூரைத் தாண்டி ஒரு கல்குவாரியில் நான் நர்சாக இருந்தேன். நர்ஸ் என்றதும் வெள்ளைக் கட்டடம், வரிசையாகக் கட்டில் என்றெல்லாம் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். ஒரு தகரக் கொட்டகை, ஒரு மேஜை, ஒரு பெஞ்சு, டிங்சர் பாட்டில், பஞ்சு, கட்டுத்துணி, வயிற்றுவலிக்கு வெள்ளை மிக்சர், ஜுரத்துக்குச் சிவப்பு மிக்சர். ஆஸ்பத்திரி அவ்வளவுதான். தொழிலாளிகளுக்கு வைத்திய வசதி செய்தே ஆகவேண்டும் என்று மேலிடத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள் என்பதற்காகக் காண்டிராக்டர் வேண்டா வெறுப்பாகப் போட்ட கொட்டகை அது. வாரம் ஒருமுறை கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு டாக்டர் ஜீப்பில் வருவார். வந்து டீ குடிப்பார், நாலைந்து பேரைப் பார்ப்பார், போய்விடுவார். மற்ற நாளெல்லாம் நான்தான் டாக்டர், நான்தான் கம்பவுண்டர், நான்தான் கொட்டகையைப் பெருக்குகிறவளும்.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். சேலத்தில் நர்ஸ் பயிற்சி முடித்த கையோடு, அணை வேலையில் குமாஸ்தாவாக இருந்த அண்ணன் வீட்டில் வந்து தங்கியிருந்தேன். எனக்கு வாய் அதிகம். இதைச் சொல்வதில் வெட்கமில்லை, ஊருக்கே தெரிந்த விஷயம். பாறை உடைக்க வேட்டு எதற்கு, இவளைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்கார வைத்தால் போதும், கல்லே எழுந்து ஓடிவிடும் என்று அண்ணி சொல்வாள். அப்படிப்பட்டவளுக்கு அந்தக் குவாரியில் முதல் நாளே வாய்க்குப் பூட்டுப் போட்டார்கள்.

போட்டவர் மேஸ்திரி. பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நெடுநெடுவென்று உயரம், எப்போதும் கையில் ஒரு விசில். கொட்டகை வாசலில் நின்றபடியே சொன்னார்:

“நர்சம்மா, இங்க யார்கிட்ட வேணா பேசுங்க. வேட்டுக்காரர்கிட்ட மட்டும் பேசிடாதீங்க. வேட்டு முடிஞ்சி அவரு வெளிய வர்ற வரைக்கும் கூப்பிடறது, கேள்வி கேக்கறது, பின்னால இருந்து கொரல் குடுக்கறது ஒண்ணும் கூடாது. யாராவது பேசிட்டா அன்னிக்கி வேட்டே கெடையாது. அதான் இங்க கட்டு.”

வேட்டுக்காரர் என்பவர்தான் அந்தக் குவாரிக்கு உயிர். காலையிலிருந்து ஆட்கள் பாறையில் வரிசையாகக் குழி அடித்து வைப்பார்கள். இவர் ஒவ்வொரு குழியிலும் வெடிமருந்து இறக்கி, திரி வைத்து, களிமண் போட்டு இறுக்குவார். உச்சிப் பொழுதில் மேஸ்திரி விசில் ஊதுவார். தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் மாற்றி மாற்றிக் கத்தி ஆட்களை வெளியேற்றுவார்கள். எல்லோரும் தூரத்துப் பாறை மறைவில் பதுங்கியதும் அவர் ஒருவர் மட்டும் உள்ளே நின்று ஒவ்வொரு திரியாகப் பற்ற வைத்துவிட்டுத் தன் மறைவிடத்துக்கு ஓடுவார். அப்புறம் சத்தத்தை எண்ணவேண்டும். எத்தனை குழியோ அத்தனை சத்தம் கேட்டால் சரி. ஒன்று குறைந்தாலும் உள்ளே எங்கோ ஒரு குழி வெடிக்காமல் கிடக்கிறது என்று அர்த்தம். அணைந்து போன திரியா, மெதுவாக எரிந்துகொண்டிருக்கிற திரியா என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. நேரம் கொடுத்துக் காத்திருந்து பிறகுதான் போகவேண்டும். போகிறவரும் அவர்தான். அவர் பார்த்துவிட்டு வந்து பச்சைத் துணியை ஆட்டினால்தான் மற்றவர்களுக்கு வழி.

இவ்வளவு பொறுப்பு தலையில் இருக்கிறபோது கவனம் சிதறக்கூடாது என்றுதான் அந்தக் கட்டு வந்திருக்கிறது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று. அந்தக் கட்டைப் போட்ட காலத்தில் வாரத்தில் ஒன்றிரண்டு நாள்தான் வேட்டு. ஒரு நாள் விரதம் இருப்பது மாதிரி அது கழிந்துவிடும். அணை வேலை மும்முரமானதும் லாரி லாரியாகக் கல் கேட்டார்கள். வேட்டு தினமும் என்றாகிவிட்டது. அப்படியானால் அந்த மனிதரிடம் தினமும் யாரும் பேசுவதில்லை. அவர் மனைவி குவாரியில் ஜல்லி உடைக்கிறவள். அவளும் காலையில் களி உருண்டையைத் தட்டில் வைத்து அவர் முன்னால் தள்ளிவிட்டு மறுபேச்சில்லாமல் நகர்ந்துவிடுவாள். மத்தியானம் வேட்டு முடிந்த பிறகு பேசலாம்தான். ஆனால் அரை நாள் பேசாமல் இருந்த வாய் பச்சைத் துணி ஆடியதும் திறந்துகொள்ளுமா என்ன? அவர் வந்தால் ஆட்கள் பேச்சை நிறுத்தி வழிவிடுவார்கள். முகத்தைக்கூடத் திருப்பிக்கொள்வார்கள். மரியாதைதான், வேறொன்றுமில்லை. கோயில் சிலைக்குக் கொடுக்கிற மரியாதை.

நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதம் ஆனபோது ஒரு சம்பவம் நடந்தது. ஒரு மத்தியானம் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. நானும் பாறை மறைவிலிருந்து விரல் மடக்கி எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்க, வேட்டுக்காரர் மட்டும் எழுந்து, எதுவுமே நடக்காதது போல நேராக உள்ளே நடந்தார். யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சற்று நேரத்தில் பச்சைத் துணி தெரிந்தது. அன்று முழுக்கக் குவாரியில் அதே பேச்சு. என்ன தைரியம், என்ன நெஞ்சழுத்தம், இந்தச் சீமையிலேயே இப்படி ஓர் ஆள் கிடையாது என்று. நானும் வீட்டுக்குப் போய் அண்ணியிடம் கையை ஆட்டி ஆட்டிக் கதை சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் அவர் என் கொட்டகைக்கு வர ஆரம்பித்தார். மத்தியானத்துக்கு மேல் வரமாட்டார், காலையில்தான் வருவார், வயிற்றைத் தொட்டுக் காட்டுவார். நான் வெள்ளை மிக்சரை ஊற்றிக் கொடுப்பேன். குடித்துவிட்டுப் போய்விடுவார். எப்போதிருந்து வலி, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, தூக்கம் வருகிறதா என்று எதுவும் கேட்க முடியாது. கேட்டால் கட்டை மீறியதாகிவிடும். கேட்கத் துடிக்கிற நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். டாக்டர் வருவதும் வேலை நாளில், காலையில்தான். அதாவது வேட்டுக்கு முன்னால். அவரும் வயிற்றை அழுத்திப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொல்லிச் சைகை செய்தார், அதே மிக்சரை இரட்டிப்பாகக் கொடுக்கச் சொன்னார். சந்தை நாளன்று வேட்டு கிடையாது, பேசலாம். ஆனால் அன்று குவாரிக்கே விடுமுறை, டாக்டரும் வரமாட்டார், எனக்கும் லீவு. வைத்தியம் பார்க்க ஆள் இருக்கிறது, மருந்து இருக்கிறது, நோயாளியிடம் ஒரு வார்த்தை கேட்கத்தான் வழியில்லை. இப்படி ஒரு வைத்தியத்தை நான் எந்தப் பாடப் புத்தகத்திலும் படித்ததில்லை.

ஒரு நாள் காலை அவர் வந்தபோது நான் ஒரு சின்னப் பையனின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். அவரே மிக்சர் பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டு மூடியைப் போடப் பார்த்தார். கார்க் மூடி பாட்டில் வாயில் உட்காரவே இல்லை. கடகடவென்று கண்ணாடியில் தட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு கையாலும் பிடித்தார், அப்போதும் உட்காரவில்லை. கடைசியில் பாட்டிலைத் திறந்தபடியே வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் வெளியே நடந்தார்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் வெடிமருந்தைத் தொடப் போகிற கை அது. உச்சிப் பொழுதில் வரிசையாகத் திரி பற்ற வைக்கப் போகிற கை. இதைப் பார்த்துவிட்டு நான் பேசாமல் இருந்து, மத்தியானம் அந்த உடம்பைத் துணியில் சுற்றி என் பெஞ்சில் கொண்டுவந்து போட்டார்கள் என்றால்? கட்டாவது மட்டையாவது என்று வெளியே ஓடினேன்.

“அண்ணா!” என்று பின்னாலிருந்து கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் சுத்தியலை அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். மறுபடி கூப்பிட்டேன், உரக்க. அப்போதும் திரும்பவில்லை. கட்டை மீறமாட்டேன் என்கிறார் போலும் என்று நினைத்து எனக்குக் கோபம்கூட வந்தது. ஓடிப்போய் அவர் முன்னால் வழிமறித்து நின்றேன். என்ன கேட்பது என்று யோசித்திருக்கவில்லை. அதனால் யாரைப் பார்த்தாலும் கேட்கிறதையே கேட்டேன்.

“சாப்பிட்டீங்களா அண்ணா?”

அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. என் உதட்டைப் பார்த்தார். பிறகு, அந்தக் கேள்வி எங்கோ வெகு தூரத்திலிருந்து வந்து சேர்ந்தது போல, அவர் முகம் கோணியது. அவ்வளவு பெரிய மனுஷர், ஊரே தைரியசாலி என்று கும்பிடுகிற மனுஷர், எல்லோரும் பார்க்க அப்படியே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்.

அவரைக் கொட்டகைக்குள் கூட்டிவந்து உட்கார வைத்தேன். அவருக்கு வீட்டுப் பேச்சு தெலுங்கு. ஆனால் தமிழ் நன்றாகவே வரும். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

“எனக்குக் காது கேக்கறதில்லீங்க நர்சம்மா. வேட்டு சத்தத்துல ஒரு காது எப்பவோ போயிடிச்சி. இன்னொண்ணும் இப்ப போவுது. வேட்டு வெச்சிட்டு ஒக்காந்தா எனக்குள்ளயே ஓயாம சத்தம் கேக்குது. எது நெசம், எது பொய்னு தெரியல. நான் எண்ணி எத்தினியோ மாசம் ஆவுது. எண்ணிக்க தெரியாமதான் உள்ள போறன்.”

எல்லோரும் புகழ்ந்த அந்த நாளைப் பற்றி நான் கேட்டேன். ஒரு குழி வெடிக்கவில்லை என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துத்தான் உள்ளே நடந்திருக்கிறார். பக்கத்தில் போனபோது திரி இன்னும் புகைந்துகொண்டிருந்ததாம். எப்படி அதைப் பிடுங்கிப் போட்டார் என்று அவருக்கே நினைவில்லை. அன்றிலிருந்துதான் கை நடுக்கம். அன்றிலிருந்துதான் வயிற்றில் சோறு நிற்பதில்லை, படுத்தால் தூக்கமில்லை. நாங்கள் தைரியம் தைரியம் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது அந்த மனிதர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தினமும் உள்ளே போய் வந்திருக்கிறார். யாரிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன். யார் என்னோடு பேசினார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டிருக்கலாம்.

நான் எழுந்து வெளியே வருவதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டார். “யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா. செவிடன்னு தெரிஞ்சா அனுப்பிடுவாங்க. எனக்கு வேற ஒரு வேலையும் தெரியாது” என்றார்.

பாருங்கள், இந்தக் குவாரியிலேயே வாயைக் கட்டத் தெரியாத ஒருத்தியிடம் போய் அவர் ரகசியம் காக்கச் சொல்கிறார். நான் சத்தியம் செய்து கொடுத்தேன். நோயாளி சொன்னது நோயாளியுடையது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சொல்லிக் கொடுத்தபோது அது எவ்வளவு கனமான சொல் என்று தெரியவில்லை.

இதற்குள் செய்தி மேஸ்திரிக்குப் போய்விட்டது. பாய் வந்த வேகத்தைப் பார்த்து என்னை அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். கையிலிருந்த விசிலை என் மேஜைமேல் வீசினார்.

“ஒங்களுக்குப் பேச்சு வெளையாட்டு நர்சம்மா. எங்கண்ணன் இதே கல்லுல வேட்டுக்காரரு. திரி வெச்சிட்டிருந்தவர நான்தான் பின்னால இருந்து கூப்பிட்டன். ஒரு வார்த்த. அண்ணேன்னு. அதுக்கப்புறம் இந்தக் கட்டு வெச்சதே நான்தான், தெரியுமா?”

அதுவரை அவரைக் கடுகடுப்பான ஆள் என்றுதான் எடைபோட்டிருந்தேன். ஆனால் அவர் வைத்த கட்டுக்குள்ளேயே எனக்கு வழியும் கிடைத்தது. பேசிவிட்டால் அன்றைக்கு வேட்டு இல்லை. அதுதானே கட்டு? அன்று வேட்டு நின்றது. லாரிகள் பாதிக் கல்லோடு போயின.

மறுநாள் காலை வேட்டுக்காரர் திரிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். நான் வழியிலேயே நின்றிருந்தேன். அவர் எதிரே போய், ஆட்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, “சாப்பிட்டீங்களா அண்ணா?” என்றேன். வேட்டு நின்றது. அதற்கு மறுநாளும் அப்படியே. மேஸ்திரி ஆட்களை விட்டு என்னைத் தடுக்கப் பார்த்தார். ஒரு பொம்பளையைக் கையைப் பிடித்தா இழுக்க முடியும்? நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான். டாக்டரை வரவழையுங்கள், அவர் இவரை உட்கார வைத்து நிதானமாகப் பேசிப் பார்க்கட்டும், அதுவரை நான் தினமும் சாப்பாடு விசாரிப்பேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு நான் காரணம் சொல்லவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு விஷயத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு சொல்லாமல் இருந்தேன்.

அந்த நாட்களில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. வேட்டு இல்லாத நாளில் வேட்டுக்காரரிடம் யார் வேண்டுமானாலும் பேசலாம் அல்லவா? முதலில் குழி அடிக்கிற ஒருவர் பீடி கேட்டார். இன்னொருவர் சந்தையில் வாங்கின ஆட்டைப் பற்றிச் சொன்னார். அவர் எதிரே உட்கார்ந்து பேசினால் உதட்டைப் பார்த்துப் பதில் சொல்லிவிடுவார். கொஞ்சம் சிரித்தார்கூட. ஒரு நாள் கொட்டகைக்கு வந்தவர் மிக்சர் பாட்டிலைத் தானே திறந்து தானே மூடினார். கார்க் கொஞ்சம்தான் தட்டியது. நான் அதைக் கவனிக்காதது போலக் கவனித்தேன்.

அன்று மாலை அவர் மனைவி என்னைத் தேடி வந்தாள். கல்தூசி படிந்த முகம், இடுப்பில் கூடை. உள்ளே வந்து கூடையை இறக்கிவிட்டு நேராகக் கேட்டாள். “நர்சம்மா, எங்க வூட்டுக்காரருக்குக் காது கேக்கல, இல்ல?”

நான் பஞ்சை எடுத்துச் சுருட்டினேன். சுருட்டினதைப் பிரித்தேன். பாட்டிலை நகர்த்தி வைத்தேன்.

அவள் என் கையையே பார்த்தாள். “நீங்க இவ்ளோ நேரம் பேசாம இருக்கறதுலயே தெரிஞ்சிபோச்சி” என்றாள். பெஞ்சில் உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டாள். வேட்டு முடிந்த பிறகும் பேசாமல் இருக்கிறாரே, பின்னாலிருந்து கூப்பிட்டால் காதில் வாங்காமல் போகிறாரே, என்மேல் என்ன கோபமோ என்று அவள் நினைத்திருக்கிறாள். என்ன தப்பு செய்தோம் என்று யோசித்து யோசித்து, கடைசியில் அவளும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாளாம். இன்றைக்குத் தண்ணீர்க் குடம் கை தவறிக் கீழே விழுந்து உடைந்திருக்கிறது. கூரைக்கு மேல் இருந்த காக்கை பறந்து ஓடியது, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர் அசையவில்லை.

“கோவம்னு நெனச்சிட்டன்மா. கோவம்னு நெனச்சி நானும் மொகத்தத் திருப்பிக்கினன்.” இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு அழுதாள். நானும் அவளோடு சேர்ந்து அழுதேன்.

மறுநாள் காலையில் காண்டிராக்டரே ஜீப்பில் வந்து இறங்கினார். அணையில் கல் இல்லாமல் வேலை தேங்குகிறது, யார் அந்தத் திமிர் பிடித்த நர்ஸ் என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஆட்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். காரணம் சொல், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பு என்றார். வேலை போனால் அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று ஒரு பக்கம். வாயைத் திறந்தால் ஒரு குடும்பத்தின் சோறு போய்விடும் என்று ஒரு பக்கம். டாக்டர் வரட்டும் ஐயா, அவர் சொல்வார் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். சரி, கிளம்பு என்றார் அவர்.

அப்போது வேட்டுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். பக்கத்தில் அவர் மனைவி, அவர் தன் உதட்டைப் பார்க்கிற மாதிரி நின்று, நடப்பதை அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். திரிப் பையைக் கழற்றிக் காண்டிராக்டரின் காலடியில் வைத்தார்.

“அந்தப் பொண்ண அனுப்பாதீங்க சாமி. எனக்குத்தான் காது கேக்கல. எத்தினி வேட்டு வெடிக்குதுன்னு எனக்குத் தெரியறதில்ல. ஒங்க மூஞ்சியப் பாத்தாச்சும் தெரிஞ்சிக்கலாம்னு பாத்தா, நீங்க எல்லாரும் மூஞ்சியத் திருப்பிக்கிறீங்க.”

கடைசி வார்த்தையை அவர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். மேஸ்திரி பாய் நின்ற இடத்திலேயே குந்திவிட்டார். தன் அண்ணன் உயிருக்குப் பரிகாரமாக அவர் போட்ட கட்டு, இன்னோர் உயிரைத் தினமும் குழிக்குள் தள்ளிக்கொண்டிருந்தது என்பது அவருக்கு அந்த நிமிஷத்தில்தான் விளங்கியிருக்க வேண்டும்.

காண்டிராக்டர் பாறை மாதிரி ஆள். காது கேட்காதவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, வேறு ஆளைப் பார்க்கிறேன் என்றார். அதற்கு மேஸ்திரிதான் எழுந்து வந்து பதில் சொன்னார். இந்தக் கல்லைத் தெரிந்த ஆள் இவர் ஒருத்தர்தான், புதுசாக வருகிறவன் முதல் நாளே ஆட்களைக் கொன்றுவிடுவான், இவர் வைக்கட்டும், எண்ணுகிற வேலை என்னுடையது என்றார். ஆட்களும் மெல்ல மெல்லக் குரல் கொடுத்தார்கள். கல் வேண்டுமே, காண்டிராக்டர் முனகிக்கொண்டே இறங்கி வந்தார். ஜீப்பை அனுப்பி டாக்டரை வரவழைத்தார்கள்.

டாக்டர் அன்றைக்கு டீ குடிக்கவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி வேட்டுக்காரரின் ஒவ்வொரு காதுக்குப் பக்கத்திலும் வைத்துப் பார்த்தார். அப்புறம் அவர் எதிரே பெஞ்சில் உட்கார்ந்து தூக்கம், சாப்பாடு, வீடு, பயம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முடித்துவிட்டு என்னிடம், “இத்தனை மிக்சர் கொடுத்தோம், இதில் ஒரு கேள்வியைக்கூட நாம் கேட்கவில்லையே அம்மா” என்றார். போன காது வராது, இருக்கிறதைக் காப்பாற்றலாம் என்று சொல்லிக் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னார். இந்த வேலையைத் தினமும் ஒரே ஆள் செய்யக்கூடாது, இன்னோர் ஆளைப் பழக்கி மாற்றி மாற்றி விடவேண்டும் என்று காண்டிராக்டரிடம் கண்டிப்பாகச் சொன்னார். எனக்கும் ஒரு தண்டனை கிடைத்தது. பேச்சைக் குறைத்துக்கொள் என்று காண்டிராக்டர் எச்சரித்துவிட்டுப் போனார். நான் குறைத்துக்கொள்ளவில்லை.

அதன்பிறகு வேட்டு வைத்ததும் வேட்டுக்காரரும் மேஸ்திரியும் ஒரே மறைவில் எதிரெதிராக உட்காருவார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் பாய் ஒரு விரலை நீட்டுவார். இவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். கணக்குச் சரியாக வந்தால் இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொள்வார்கள். கட்டும் தலைகீழாக மாறிப்போனது. திரி பற்ற வைக்கும்போது மட்டும்தான் மௌனம். காலையில் வேட்டுக்காரர் எதிரே போய் நின்று யாராவது ஒருவர் சாப்பிட்டாயிற்றா என்று கேட்காமல் அவர் திரிப் பையைத் தோளில் மாட்டக்கூடாது. இதையும் மேஸ்திரிதான் வைத்தார். பெரும்பாலான நாள் அவரே போய்க் கேட்பார். அவர் குரலில் அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ செய்யும்.

அணை வேலை முடிகிற சமயத்தில் அண்ணனுக்கு வேறு ஊர். நானும் கிளம்பினேன். பர்கூரில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது எதிர்ப்பக்கம் வேட்டுக்காரர் சந்தைப் பையோடு போவதைப் பார்த்தேன். ஆசையில் மறந்துபோய், “அண்ணா! அண்ணா!” என்று பின்னாலிருந்து கத்தினேன். அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அப்புறம்தான் நினைவு வந்து, பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ரோட்டைத் தாண்டி ஓடி அவருக்கு முன்னால் போய் நின்றேன். மூச்சிரைக்க நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“சாப்பிட்டீங்களா நர்சம்மா?”

இன்று நான் தம்பி மகனோடு ஓசூரில் இருக்கிறேன். அவன் வேலை பார்க்கிற தொழிற்சாலையில் ஆஸ்பத்திரி உண்டு, டாக்டர் உண்டு. மன அழுத்தம் என்று பேர் வைத்து அதற்கும் ஆளைக் கூப்பிட்டுப் பேச வைக்கிறார்களாம். நல்லதுதான். ஆனால் சில நாள் அவன் வேலை முடிந்து வந்து, கேட்டதற்கெல்லாம் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அசதி, விட்டுவிடுங்கள் என்பார்கள் வீட்டில். அப்போதெல்லாம் எனக்கு அந்தக் கார்க் மூடி தட்டுகிற சத்தம் கேட்கிறது. முட்டிவலியோடு எழுந்து, நாற்காலியைச் சுற்றிப்போய் அவன் முகத்துக்கு நேரே நின்று, சாப்பிட்டாயா என்று கேட்டு, பதில் வருகிற வரைக்கும் அங்கேயே நிற்கிறேன்.